பதினேழு குப்பிகளும் ஒரு ஸ்பேனர் பெட்டியும்

காலை ஆறு நாற்பது. குளியலறை அலமாரியில் பதினேழு குப்பிகள். எதிரே, வாயில் பிரஷ்ஷோடு சின்னராசு.

பேஸ்ட் நுரைக்கவில்லை. புது டியூப் என்று நினைத்துத்தான் எடுத்தார். மூடிக்கு அடியில் வெள்ளித் தகடு ஒட்டியிருந்தது. புது பேஸ்ட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பல்லாலேயே கிழித்துத் துப்பினார். தாராளமாகப் பிதுக்கினார். மூன்றாவது இழுப்பில் நாக்கு உண்மையைக் கண்டுபிடித்தது. அது முகத்துக்குப் பூசுகிற க்ரீம்.

வாயைப் பதினோரு முறை கொப்பளித்தார். பல்வரிசை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கின. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டியூபின் மேல் இருந்ததைப் படித்தார். 'வனசுத்தம். க்ளீன். கெமிக்கல் இல்லை. வாசனை சேர்க்கப்படவில்லை.' வாயில் மல்லிகைப்பூ மணத்தது.

சின்னராசு அங்கேயே, ஈரத் தரையில் நின்றபடி, ஒரு சபதம் எடுத்தார். இந்தக் குப்பிகளின் பொய்யை அம்பலப்படுத்துவது. அவற்றை வீட்டை விட்டு வெளியேற்றுவது. அந்த வழியில், கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, பெண்டாட்டியிடம் ஒரு வாதத்தில் ஜெயிப்பது.

அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வயது நாற்பத்தெட்டு. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்புக் களப்பணி. தியாகதுருகத்தில் சொந்த வீடு. மனைவி ஆண்டாள். ஊரில் விவசாயிகள் அவர் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுக் கரும்பு வெட்டுவார்கள். வீட்டில் மின்விசிறி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்ற வாதத்தில்கூட தோற்றவர்.

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று கண். கரும்பில் புழு போட்ட ஊசி ஓட்டையை வரப்பில் நின்றே பார்த்துவிடுவார். இன்னொன்று மீசை. இந்த வயதிலும் ஒரு நரை கிடையாது. தலையும் அப்படியே. கேட்பவர்களிடம், "இருவத்தஞ்சு வருஷமா கரும்பு ஜூஸுங்க, வேற இன்னா," என்பார். கேட்டவர்கள் நம்பிச் சாறு குடித்துச் சர்க்கரை வியாதியை வாங்கிக்கொண்டதும் உண்டு. அந்தக் கரும்பினால் ஒரு சின்னத் தொந்தரவு. கரும்புத் தோகையின் சுணை பட்டு நெற்றியோரம் அரிக்கும், கண்ணிமை தடிக்கும். தொழில் செய்கிற ஆம்பளைக்கு அதெல்லாம் பதக்கம் என்று சொறிந்துகொள்வார்.

வீட்டில் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான் செல்லுபடியானது. மோட்டார் கொட்டகையில் இருக்கும் அவருடைய ஸ்பேனர் பெட்டியை யாரும் தொடக் கூடாது.

குப்பிகள் வந்த கதையும் சின்னதுதான். அவருடைய தங்கை இசைவாணி களமருதூரில் வாழ்க்கைப்பட்டவள். ஒன்றரை வருடமாக 'வனசுத்தம்' கம்பெனிக்கு ஏஜென்ட். மாதம் ஒருமுறை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள். பையிலிருந்து ஒரு குப்பி வெளியே வரும். ஆண்டாள் வாயெல்லாம் சிரிப்பாக வாங்கி அலமாரியில் அடுக்குவாள். அடுக்க அடுக்க, சின்னராசுவின் சவரக்கத்தி, பிரஷ், மீசைச் சீப்பு எல்லாம் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்து ஜன்னல் விளிம்பில் அகதிகளாக நின்றன. பெண்டாட்டிக்கு அழகு வெறி பிடித்துவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். தங்கை கொடுப்பது என்பதால் வாயைத் திறக்கவில்லை. இன்று வாயே மாட்டிக்கொண்டதால் திறந்தாக வேண்டியதாயிற்று.

ஏப்ரல் கடைசி. ஆலையில் அரவை முடிந்து ஒரு மாதம். கையில் நேரம் இருந்தது. விசாரணையை முறைப்படி தொடங்கினார்.

முதலில் ஆயுதம். கரும்பு முற்றிவிட்டதா என்று பார்க்க அவரிடம் ஒரு குழாய் உண்டு. ஒரு முனையில் ஒரு சொட்டுச் சாற்றை வைத்து மறு முனையில் கண்ணை வைத்தால் இனிப்பு எத்தனை என்று கோடு காட்டும். பிரிக்ஸ் மீட்டர். அதில் ஒரு பொட்டு க்ரீமை வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பத்தொன்பது. கரும்பாக இருந்தால் அன்றைக்கே கட்டிங் ஆர்டர் எழுதியிருப்பார். க்ரீமை வைத்துக்கொண்டு அந்த எண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை. இருந்தாலும் நோட்டில் குறித்துக்கொண்டார். சாட்சி என்று இருந்தால் பின்னால் உதவும்.

அடுத்தது லென்ஸ். டியூபின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல ஒரு பட்டியல். எண்ணினார். இருபத்து மூன்று பெயர்கள். எல்லாம் ஆலை ஆய்வகத்து அலமாரியில் ஒட்டியிருக்க வேண்டிய பெயர்கள். பதினெட்டாவது, 'பர்ஃப்யூம்'. கடைசி, இருபத்து மூன்றாவதாக, கடுக்காய்.

முன்பக்கத்தில் கடுக்காய் படம் தேங்காய் அளவுக்குப் போட்டிருந்தது. கீழே, 'கல்வராயன் மலையின் மடியிலிருந்து'. மேலே மலைப் படம். மலையின் உச்சியில் பனி.

சின்னராசு லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். கல்வராயன் மலையில் அவர் சித்தப்பா ரேஷன் கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அங்கே புலி வந்தது என்று சொன்னவர்கள் உண்டு. பனிக்கட்டி விழுந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

மறுநாளே வெள்ளிமலைக்கு பஸ் ஏறினார். வாதம் என்று வந்துவிட்டால் ஓட்டை இருக்கக் கூடாது. அங்கே கடுக்காய் வாங்கி மூட்டை கட்டுகிற பச்சமுத்துவிடம் டியூபைக் காட்டி, இந்தக் கம்பெனிக்காரன் உங்களிடம் சரக்கு எடுக்கிறானா என்று கேட்டார். பச்சமுத்து டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் பெயரில் யாரும் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றார். நாட்டு மருந்துக் கடைக்குக் கொஞ்சம் போகும், மீதியெல்லாம் தோலுக்குத்தான் போகிறது என்றார்.

"அப்ப தோலுக்குப் போவுதுதானா?" என்று சின்னராசு சற்றே கலங்கினார்.

"மாட்டுத் தோலுங்க. பதம் போடறதுக்கு."

அந்த ஒரு பதிலுக்காக இன்னொரு தடவைகூட மலை ஏறியிருப்பார்.

சனிக்கிழமை மாலை ஆண்டாள் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சின்னராசு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டியூப், லென்ஸ், நோட்டு மூன்றையும் வரிசையாக வைத்தார். மனைவி சொல்லக்கூடிய மறுப்புகள் என்று பதினொன்றை யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

"ஆண்டாளு, இந்த பாட்டிலெல்லாம் பொய்யி."

"அப்படிங்களா?"

"முன்னாடி கெமிக்கல் இல்லன்னு போட்டுக்கினு பின்னாடி இருவத்தி மூணு கெமிக்கல எழுதி வச்சிருக்கான்."

"அடப்பாவிங்களா."

"வாசன இல்லன்னு போட்டுக்கினு செண்டு ஊத்தி வச்சிருக்கான். கல்வராயன் மலையில பனி பெய்யுதாம்."

"நம்ம மலையிலயா? கேக்கறவன் கேனயனா இருந்தா இன்னா வேணா சொல்லுவான்."

பூட்டியிருக்கும் என்று தோளால் இடித்த கதவு திறந்தே கிடந்தால் மனிதன் எப்படிப் போய் விழுவான். சின்னராசு அப்படி விழுந்தார். பதினொன்றில் ஒரு மறுப்புகூட வரவில்லை.

"நீ சண்ட போடலியா?" என்று அவரே கேட்டுவிட்டார்.

"லென்ஸு வச்சிப் பாத்தவரு நீங்க. மல ஏறிப் போய் கேட்டுக்கினு வந்தவரு நீங்க. நான் இன்னாத்த சொல்றது?" ஆண்டாள் ஒரு காம்பை உருவினாள். "ஆனா வாயால சொன்னா நிக்காதுங்க. எழுதி ஒட்டிடுங்க. அப்பறம் யாரும் மாத்திப் பேச முடியாது பாருங்க."

வெற்றி இத்தனை மெதுமெதுப்பாக இருக்கும் என்று சின்னராசுவுக்குத் தெரியாது. ஆலை கொடுத்த காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினார். 'உடம்பில் தடவும் எந்தப் பொருளாவது தன் மேலட்டையில் பொய் சொன்னால், அந்தப் பொருள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. இப்படிக்கு, சின்னராசு.'

ஆண்டாள் கழுத்தைச் சாய்த்துப் படித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். 'யாருடையதாக இருந்தாலும்' என்று மட்டும் ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் கெட்டியாக இருக்கும் என்றாள்.

"அது எதுக்கு?"

"நாளைக்கு உங்க தங்கச்சி வருது. நான் குடுத்ததுக்கா இந்தச் சட்டம்னு கேக்கும். உங்களால அது மொகத்துக்கு நேரா சொல்ல முடியாது. தங்கச்சின்னா வெல்லப்பாகு மாதிரி எளகிடுவீங்க."

ஆண்மகனை இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான். 'யாருடையதாக இருந்தாலும்' என்பதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, சமையலறைக் கதவில் நான்கு மூலையிலும் சோற்றுப் பருக்கை தடவி ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் இசைவாணி வந்தாள். இடுப்பில் இரண்டரை வயது தனுஷா. பையில் பதினெட்டாவது குப்பி. வந்த காரியம் வேறு. ஜூன் எட்டாம் தேதி தனுஷாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்குப் பதினைந்தடி பேனர் அடிக்கிறார்கள். தாய்மாமன் படம் நடுவில், பெரிதாக வர வேண்டும். நல்ல படமாக ஒன்று வேண்டும்.

சின்னராசு மூன்று மாதமாக அந்தப் பேனரைத்தான் கனவில் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு எடுத்த படம் ஒன்று போனில் தயாராக இருந்தது. அதில் மீசை கரிக்கட்டையால் வரைந்தது போல இருக்கும். உடனே அனுப்பினார். இசைவாணி அங்கிருந்தே பேனர் கடைக்கு அனுப்பினாள். 'தாய்மாமன்' என்று பெயருக்கு மேலே போடச் சொல்லி ஒரு குரல் செய்தியும் அனுப்பினாள்.

அப்போது கீரை வாங்கிப் போகப் பக்கத்து வீட்டு தேவிப்ரியா வந்தார். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கீரை வாங்கிக்கொள்ளும்படி ஆண்டாள் சொல்லியிருந்தது சின்னராசுவுக்குத் தெரியாது. கேட்க ஆள் கூடிவிட்டது என்று மட்டும் நினைத்துத் தொண்டையைச் செருமினார்.

பேசினார். பனியிலிருந்து மாட்டுத் தோல் வரை ஒன்றையும் விடவில்லை. பத்தொன்பது பிரிக்ஸையும் சொன்னார். கதவில் இருந்த சட்டத்தைக் கைநீட்டிக் காட்டினார்.

இசைவாணியின் முகம் சிறுத்துப்போனது. "க்ளீன்னா சுத்தம்னுதானே அண்ணா மீட்டிங்ல சொன்னாங்க," என்றாள்.

தேவிப்ரியா டீச்சர் டியூபை வாங்கிப் பார்த்தார். அந்த வார்த்தைக்கு இன்னது இருக்க வேண்டும், இன்னது இருக்கக் கூடாது என்று பொது வரையறை எதுவும் தனக்குத் தெரிந்து இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிறது என்றார். கெமிக்கல் என்ற பேச்சைக் கேட்டு மிரளவும் வேண்டாம், தண்ணீரும் கெமிக்கல்தான். இந்தப் பட்டியலில் பாதி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவது. அது இல்லாவிட்டால்தான் ஆபத்து.

"இருக்கறது தப்பில்ல. இருக்கறத இல்லன்னு போட்டான் பாருங்க, அதுதான் தப்பு," என்று முடித்தார்.

"அதத்தான் நானும் சொன்னேன்," என்றார் சின்னராசு. அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் வெற்றி பெற்றவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

இசைவாணி பாரம் இறக்கி வைத்தவள் போலப் பெருமூச்சு விட்டாள். அவள் வீட்டுப் பரணில் இன்னும் முப்பது குப்பி கிடக்கிறதாம். வெளியாள் ஒருத்தர்கூட வாங்கவில்லையாம். சொந்தபந்தம் தலையிலேயே கட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

"வேணாம்னு ஒரு ஆளு சொல்லியிருந்தா அன்னிக்கே வுட்டுருப்பேன் அண்ணா. எல்லாரும் சிரிச்சிக்கினே வாங்கி வச்சிக்கினா நான் இன்னா பண்றது?"

பிரித்திருக்காத சரக்கைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளும் என்றாள். ஆண்டாள் குப்பிகளை அலமாரியிலிருந்து கூடையில் எடுத்து வந்து வைத்தாள். இசைவாணி ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தாள். பதினேழில் பதினாறு சீல் உடையாமல் இருந்தன. உடைந்தது ஒன்றே ஒன்று. அதில் பல் பட்ட தடம் இருந்தது.

சின்னராசு மனைவியைப் பார்த்தார். "நீ ஒண்ணக்கூட பூசலியா?"

"எனக்கு எதுக்குங்க? சோப்பு இருக்குது."

"அப்ப வேணாம்னு சொல்லித் தொலச்சிருக்கலாமே. ஒன்ற வருஷமா என் சீப்பு ஜன்னல்ல கெடக்குது."

"நான் சொன்னா நாத்தனார் ஆசையா கொண்டாந்தத அண்ணிக்காரி ஒதுக்கிட்டான்னு ஆவும். நீங்க சொன்னா தங்கச்சிக்கு அண்ணன் புத்தி சொன்னாருன்னு ஆவும்." ஆண்டாள் நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தாள். "இல்லியா வாணி?"

"ஆமா அண்ணி," என்றாள் இசைவாணி. அவளும் சிரித்தாள்.

நாம் ஜெயித்தோமா இல்லையா என்று சின்னராசுவுக்கு ஒரு சின்னச் சந்தேகம் அப்போதுதான் வந்தது. அதைத் தீர யோசிப்பதற்குள் ஆண்டாள் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஸ்பேனர் பெட்டி.

"அத யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்," என்றார்.

ஆண்டாள் பெட்டியைத் திறந்தாள். பதினாலாம் நம்பர் ஸ்பேனரைத் தூக்கினாள். அடியில் கிரீஸ் துணி. துணிக்கு அடியில் ஒரு பாக்கெட். அதை எடுத்து மேலட்டையை நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை வாசிப்பது போல வாசித்தாள். 'மூலிகைக் கருப்பு மருதாணி. நூறு சதவீதம் இயற்கை. கெமிக்கல் இல்லை.'

தனுஷா ஒரு குப்பி மூடியைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மருதாணி வச்சா கை இன்னா ஆவும்?"

"செவக்கும்," என்றார் சின்னராசு. கேட்டால் பதில் சொல்லித்தானே பழக்கம்.

"மீச?"

சின்னராசுவின் கை தானாகப் போய் மீசையைப் பொத்தியது. ஆண்டாள் அவருடைய லென்ஸை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். பாக்கெட்டின் பின்பக்கம், மடிப்புக்குள், எறும்பு ஊர்ந்த எழுத்து. புழு ஓட்டையை வரப்பிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அதைப் பூசிய பதினொரு வருடமும் அந்த வரி தெரியவில்லை. இப்போது தெரிந்தது. நாலாவது பெயர். வாயில் நுழையவில்லை. டீச்சர் நுழைத்தார்.

"பாராஃபினைலீன் டயமின். கருப்பு இதாலதான் சார் வருது. மருதாணி எந்தக் காலத்துலயும் கறுக்காது. சில பேரு ஒடம்புக்கு இது ஒத்துக்காது. அரிக்கும். கண்ணு வீங்கும்."

"அரவ நின்னு ஒரு மாசம் ஆச்சு," என்றாள் ஆண்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "கரும்புக் காட்டுப் பக்கம் கால் வைக்கல. போன ஞாயித்துக்கெழம கண்ணு ரெண்டும் பூரி மாதிரி வீங்கிக் கெடந்தீங்க. கரும்புச் சொணை எப்படிங்க வூடு தேடி வந்துது? நேராச் சொன்னா கேட்டிருப்பீங்களா? ஸ்பேனர் பெட்டியத் தொட்டதுக்கு ஒரு வாரம் சாப்புடாம கெடந்திருப்பீங்க."

"அப்ப கரும்பு ஜூஸு?" என்று கேட்டாள் இசைவாணி. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கதவில் சட்டம் ஒட்டியிருந்தது. யாருடையதாக இருந்தாலும். இரண்டு கோடு. இப்படிக்கு, சின்னராசு. பருக்கை நன்றாகக் காய்ந்து பிடித்திருந்தது.

சின்னராசு சும்மா விட்டுவிடவில்லை. சட்டம் வீட்டுக்குள்தானே, வெளியே சலூனில் மை அடித்துக்கொள்ளலாம் என்று ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் எதற்கும் கேட்டுவைப்போம் என்று கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரைப் பார்க்கப் போனார். கூடவே ஆண்டாளும் வந்தாள். டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார். கறுப்பு மை எந்த ரூபத்திலும் இனிமேல் கிட்ட வரக் கூடாது என்றார். மீசையை மழித்துவிடலாமா என்றும் சின்னராசு யோசித்தார். காரியத்துக்கு எடுக்கிற மீசையைக் காதுகுத்துக்கு எடுத்தால் யார் செத்தது என்று ஊர் கேட்கும். அந்த வழியும் அடைந்தது.

மே மாதம் முழுக்க வெள்ளை ஏறியது. பாதி வெள்ளை, பாதி கறுப்பாக நின்ற முடியைப் பார்க்கச் சகிக்காமல் சலூன்காரர் கறுத்த நுனியையெல்லாம் கத்தரித்துத் தள்ளினார். அரிப்பு நின்றது. இமை இறங்கியது. அலமாரியில் குப்பிகள் இருந்த இடத்தில் சவரக்கத்தி, பிரஷ், மீசைச் சீப்பு மூன்றும் மறுகுடியேறின. பக்கத்தில் ஆண்டாளின் சோப்பு ஒன்று.

ஆலையில், பதினேழு பாட்டிலையும் பேசியே வெளியேற்றிய கதையைச் சின்னராசு மூன்று பேரிடம் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் வெற்றி. மூன்று பேரும் கதை முழுக்க அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேனர் கடைக்கு வேறு படம் அனுப்பலாமா என்று இசைவாணி போனில் கேட்டாள். அடித்தாயிற்று என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது மணிக்கு, களமருதூர் அய்யனார் கோயில் வாசலில், பதினைந்தடி பேனருக்குக் கீழே, தனுஷாவை மடியில் வைத்துக்கொண்டு சின்னராசு உட்கார்ந்திருந்தார். காது குத்த வந்த ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, பேனரை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, கொழந்தைய தாய்மாமன்கிட்ட குடுத்துட்டு எழுந்திருங்க," என்றார்.